ஐந்து கிலோவுக்கு உட்பட்டவை

திருத்தங்கலில் ஓர் ஆப்செட் அச்சகம். அங்கே இருபத்திரண்டு வருடமாக மாரிக்கண்ணன் பார்க்கும் வேலை, காலண்டர் சாமிகளுக்கு நிறம் சரிசெய்வது. முருகனின் கன்னம் கம்ப்யூட்டரில் ஒரு மாதிரியும் காகிதத்தில் வேறு மாதிரியும் சிவந்தால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். சாமி வேலை இல்லாத நாட்களில் மனிதர்கள் வருவார்கள். மளிகைக் கடைக்காரரின் மருவை எடுப்பார். ஜவுளிக் கடைக்காரரின் தலையில் இல்லாத முடியை வைப்பார். அவர் கைபட்டு வந்த விளம்பரத்தைப் பார்த்து, "இந்தக் கடைய யாருக்கு வித்தீக?" என்று ஒரு முதலாளியிடம் அவருடைய மச்சானே கேட்டதுண்டு.

வாரத்தில் ஆறு நாள் பொய்யை வழுவழுப்பாக்கும் இந்த மனிதருக்கு ஞாயிற்றுக்கிழமையானால் உண்மை மீது தாங்க முடியாத ஆசை வந்துவிடும். அந்த ஆசைக்காக அவர் வாங்கி வைத்திருந்ததுதான் கேமரா ட்ராப். செங்கல்லில் பாதி அளவுக்கு ஒரு பச்சை டப்பா. மரத்தில் பட்டையால் கட்டிவிட்டு வந்துவிட்டால் போதும், எதிரே வெதுவெதுப்பான உடம்பு எது அசைந்தாலும் அதுவே படம் பிடித்துக்கொள்ளும். பகலில் வண்ணம், இருட்டில் கறுப்பு வெள்ளை. படத்தின் அடியில் தேதியும் நேரமும் தானே விழும்.

சிவகாசி வட்டாரத்தில் இப்படி ஒரு டப்பாவை மரத்தில் கட்டுவது லேசான காரியமில்லை. முதல் கேமராவை யாரோ புது மாடல் வெடி என்று நினைத்துத் திரியைத் தேடியிருக்கிறார்கள். கிடைக்காததால் பட்டையின் நுனியைக் கொளுத்திப் பார்த்திருக்கிறார்கள். அடுத்த கேமராவில் மாரிக்கண்ணன் அழகான எழுத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார்: "இது வெடி அல்ல. பற்றவைக்க வேண்டாம்."

மூன்று வருடத்தில் பதினோராயிரம் படம் விழுந்தது. அதில் ஒன்பதாயிரம் வெள்ளாட்டின் மூக்கு. மீதியில் ஆடும் புல், சீட்டாடும் ஆட்கள், ஒரு கீரியின் வால், ஒரு காட்டுப்பூனையின் பின்பக்கம், காலை வேளையில் சொம்போடு ஒதுங்கிய ஊர்ப் பிரமுகர்கள் நான்கு பேர். ஒரு முறை இருட்டில் விழுந்த சுண்டெலியைப் பெருமையோடு அச்சக முதலாளியிடம் காட்டினார். அவர் கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்தார்.

"கறுப்பு வெள்ளையில அடிச்சா கண்ணீர் அஞ்சலி போஸ்டருல்ல ஆயிரும்? எலிக்கு யாருய்யா அஞ்சலி போடுதது?"

மாரிக்கண்ணன் தேடியது சுண்டெலியும் இல்லை, கீரியும் இல்லை. முள்ளெலி. உள்ளங்கையில் அடங்கும், தொட்டால் முள் பந்தாகச் சுருண்டுகொள்ளும் சாதுப் பிராணி. ஊரில் அதற்கு இருந்த ஒரே மரியாதை, தோலைச் சுட்டுத் தேனில் குழைத்துக் கக்குவான் இருமலுக்குக் கொடுப்பது. அதனால் உயிரோடு அதைப் பார்த்தவர்கள் குறைவு. 'தென்கரிசல் சிற்றுயிர் வட்டம்' என்றொரு வாட்ஸ்அப் குழு, ஐந்து கிலோவுக்கு உட்பட்ட காட்டு விலங்குகளைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தது. அந்தப் பட்டியலில் முள்ளெலிக்கு நேரே விருதுநகர் மாவட்டம் காலியாக இருந்தது. அந்தக் காலியிடத்தில் தன் பெயரைப் பார்த்துவிட வேண்டும் என்பது மாரிக்கண்ணனின் லட்சியம். பிறருடைய மருவை எடுத்தே காலம் தள்ளியவருக்குத் தன் பெயர் எங்காவது அச்சாகவேண்டும் என்று இருந்தது.

குழுவில் ஒரு கறாரான விதி உண்டு. சிவகாசிப் பக்கத்திலிருந்து வரும் படங்களுக்கு மட்டும் வெட்டாத, திருத்தாத ஒரிஜினல் பைல் கட்டாயம். காரணம் இருந்தது. முந்தின வருடம் யாரோ ஒருவர் ஆனைக்குட்டம் அணைச் சுவரில் ஒரு புனுகுப்பூனை உட்கார்ந்திருக்கும் படத்தை அனுப்பியிருந்தார். பூனை தத்ரூபம். நிழல்தான் சூரியனைப் பார்த்து விழுந்திருந்தது.

மாரிக்கண்ணனின் மனைவி அழகுமீனா, ஆனைக்குட்டம் போகிற வழியில் பொன்னுத்தங்கம் அண்ணாச்சியின் பட்டாசுக் கம்பெனியில் பூச்சட்டி என்னும் புஸ்வாணத்துக்கு வெடிமருந்து அடைக்கிறார். பதினாறு வருடம். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கும்போது கணுக்காலுக்குக் கீழே வெள்ளிக் கவசம் சாத்திய அம்மன் மாதிரி இருப்பார். அலுமினியப் பொடி. எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் மிச்சம் நிற்கும்.

ஜூலையில் ஒரு நாள், வெங்காயம் உரித்துக்கொண்டே அவர் சொன்னார்: "இன்னிக்கு உங்க ஆளப் பாத்தேன்."

"எந்த ஆளு?"

"முள்ளெலிதான். கம்பெனிக்குப் பின்னால, ஓடைக்கரைக் கருவேலங்காட்டுல. கொய்யாக்கா அம்புட்டுத்தான் இருக்கு. என்னையப் பாத்ததும் சுருண்டுக்கிருச்சு."

மாரிக்கண்ணன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். எந்த மரம், ஓடையிலிருந்து எத்தனை எட்டு, வெயிலிலா நிழலிலா, கிழக்கே பார்த்தா மேற்கே பார்த்தா என்று முக்கால் மணி நேரம் குறுக்கு விசாரணை செய்தார். கேட்காமல் விட்டது ஒன்றே ஒன்றுதான். சீசன் நேரத்தில், காலை பதினொரு மணிக்கு, பூச்சட்டி அடைக்க வேண்டியவள் முள்ளுக்காட்டுக்குள் என்ன செய்துகொண்டிருந்தாள்?

அடுத்த ஞாயிறு, கம்பெனி விடுமுறையன்று, அழகுமீனா சொன்ன அதே மரத்தடியில், முழங்கால் உயரத்துக்கும் கீழே, கேமராவைக் கட்டி முள் போட்டு மறைத்துவிட்டு வந்தார்.

ஆகஸ்டு மூன்றாம் வாரம் கார்டை எடுத்து வந்து கம்ப்யூட்டரில் செருகினார். இருநூற்றுப் பன்னிரண்டு படம். முதல் படத்தில் ஒரு மஞ்சள் ஏப்ரன். இரண்டாவதில் நான்கு மஞ்சள் ஏப்ரன். நெஞ்சில் கம்பெனிப் பெயர் அச்சடித்தவை. மூன்றாவதில் தூக்குவாளிகள். பிறகு முள்ளில் மாட்டிய சேலையை ஒருத்தி விடுவிக்கிறாள். பாண்டிச்செல்வி, அழகுமீனாவுக்கு அடுத்த இடத்தில் உட்கார்ந்து மருந்து அடைப்பவர், இடுப்பில் கை வைத்து வயிற்றைத் தள்ளிக்கொண்டு போர்மேன் கோட்டைச்சாமி மாதிரி நடந்து காட்டுகிறார். சுற்றிலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பு. 11:30க்குப் புளிச்சோறு கைமாறுகிறது.

11:42. நட்டநடுவில், பட்டப்பகல் வெளிச்சத்தில், வண்ணத்தில், முள்ளெலி. கூட்டத்தின் சத்தம் தாங்காமல் புதரை விட்டு வெளியே வந்திருக்கிறது. மூக்கு ஈரம் தெரிகிறது. மீசை எண்ணலாம். ஒரு சாண் தள்ளி வெள்ளிப் பூச்சோடு ஒரு பாதம், மெட்டியோடு. பின்னால் ஆறு பெண்கள், ஆறு ஏப்ரன், ஆறு கம்பெனிப் பெயர். அடியில் தேதி, நேரம்.

"ஏ அழகு! வந்துருச்சு! வந்துருச்சு!"

அழகுமீனா ஈரக் கையோடு ஓடி வந்தார். திரையைப் பார்த்தார். முள்ளெலியை அவர் பார்க்கவே இல்லை, பக்கத்தில் இருந்த தன் பாதத்தைத்தான் பார்த்தார்.

"யாத்தே, இது அன்னிக்கு எடுத்தது. ஜீப்பு வந்த அன்னிக்கு."

அப்போதுதான் மாரிக்கண்ணனுக்கு விஷயம் புரிந்தது. கம்பெனியின் லைசென்சில் இருக்கும் ஆட்கள் நாற்பது. வேலை செய்வது எழுபத்தொரு பேர். ஆய்வுக்கு ஜீப் கிளம்பினால், சேதி அதற்கு அரை மணி முன்பே கம்பெனிக்கு வந்துவிடும். கோட்டைச்சாமி இரண்டு முறை கைதட்டுவார். முப்பத்தொரு பெண்கள் தூக்குவாளியோடு காட்டுக்குள் போய் உட்கார வேண்டும். ஜீப் போனதும் ஒரு கைதட்டல், திரும்பி வர வேண்டும். நாலு பேர் உட்கார வேண்டிய அறையில் ஒன்பது பேர். அதிகாரி வந்தால் ஐந்து பேர் காணாமல் போவார்கள். வெடித்தால் மட்டும் ஒன்பது பேரும் கணக்கில் வருவார்கள்.

"இதைய அழிங்க," என்றார் அழகுமீனா.

"மூணு வருசம், புள்ள."

"எனக்குப் பதினாறு வருசம். இது வெளிய போச்சுன்னா கம்பெனிக்கு சீல் வச்சிருவாக. தீவாளிக்கு ரெண்டு மாசம் இருக்கு. எழுபது வீட்டுல அடுப்பு எரியாது. உங்க எலிதான் வந்து சோறு போடுமா?"

"அது எலி இல்ல. எலிக்கும் முள்ளெலிக்கும் சம்பந்தமே கிடையாது. தனிக் குடும்பம்."

"அப்ப அந்தக் குடும்பத்துக்கே போயி இருங்க."

சேதி பரவி, சாயங்காலம் பாண்டிச்செல்வி நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். திட்ட வந்தவர்கள் திரையைக் கண்டதும் முதலில் தங்கள் முகங்களைத் தேடினார்கள்.

"எனக்கு மூஞ்சி நல்லா விழுந்திருக்குல்ல? அண்ணே, எனக்கு ஒரு பிரிண்டு போட்டுக் குடுங்க. இந்தத் தாடையக் கொஞ்சம் கொறச்சு," என்றாள் ஒருத்தி.

"ஏடி, காட்டிக் குடுக்குத படத்தப் பிரிண்டு கேக்குதியே!"

"மாட்டுனாலும் லச்சணமா மாட்டுவோம், மதினி."

சிரித்து முடித்துவிட்டு, போகும்போது பாண்டிச்செல்வி வாசலில் நின்று சொன்னார்: "அனுப்பிராதீகண்ணே. புள்ளைய நர்சிங்குல சேத்திருக்கேன்."

மாரிக்கண்ணன் தலையாட்டினார். முருகன் படத்தின் மேல் சத்தியமும் செய்தார். அந்த முருகனுக்கு நிறம் பார்த்தது அவரேதான் என்பதால் சத்தியத்துக்கு அவ்வளவு வலு இல்லை. அச்சகத்தில் உட்கார்ந்து யோசித்தார். ஆறு பெண்களையும் பாதத்தையும் எடுத்துவிட அவருக்குப் பத்து நிமிடம் போதும். புல் முளைக்க வைப்பார், நிழலும் சரியான திசையில் விழும். ஆனால் வெட்டிய படம் குழுவில் செல்லாது. வாழ்நாள் முழுக்க எல்லோருடைய படத்தையும் திருத்தியவர், தன் படம் ஒன்றைத் தொட முடியாமல் நான்கு நாள் தவித்தார். ஐந்தாம் நாள், குழுவுக்குப் படம் அனுப்பக் கடைசித் தேதி. சாப்பாட்டு இடைவேளையில், எலுமிச்சைச் சோற்றை ஒரு கையால் பிசைந்தபடி, இன்னொரு கையால் அனுப்பிவிட்டார்.

வீட்டில் சொன்னார். அழகுமீனா தட்டில் சோறு வைத்தார். குழம்பு ஊற்றவில்லை. பத்து நாள், ரோட்டில் ஜீப் சத்தம் கேட்கும்போதெல்லாம் மாரிக்கண்ணன் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்.

பிறகு குழுவின் ஒருங்கிணைப்பாளர் தருண்குமாரிடமிருந்து கடிதம் வந்தது. வாழ்த்துகள், மாவட்டத்தின் முதல் பதிவு, அக்டோபர் கண்காட்சியில் பெரிய அளவில் வைக்கிறோம். கடைசியில் ஒரு குறிப்பு: "வாழிடத்தில் மனித இடையூறு காணப்படுகிறது. கேமராவை வேறு இடத்துக்கு நகர்த்தவும்."

அழகுமீனா எழுத்துக் கூட்டி இரண்டு முறை படித்தார். "மனித இடையூறுன்னா யாரு? நானா?"

"கவலைய விடு. யாருமே கவனிக்கல."

"அதத்தான் நானும் கேக்கேன். ஆறு பொம்பளைய உக்காந்திருக்கோம். எப்பிடிக் கவனிக்காம இருப்பாக?"

விருதுநகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் கண்காட்சி. ஆளுயரத்துக்கு முள்ளெலி. அதற்கேற்ப அழகுமீனாவின் பாதமும் முறம் அளவு. திறந்துவைக்க வந்தவர் யார் என்று அழகுமீனா காதில் சொன்னதும் மாரிக்கண்ணனுக்கு வேர்த்துவிட்டது. அன்றைக்கு ஜீப்பில் வந்த அதே ஆய்வு அதிகாரி. பக்கத்தில் சால்வையோடு, விழாச் செலவை ஏற்றுக்கொண்ட பொன்னுத்தங்கம் அண்ணாச்சி. வட்டாரத்தில் சால்வை போர்த்தும் இடத்தில் எல்லாம் அண்ணாச்சி இருப்பார். இடது கன்னத்தில் மிளகு அளவு மரு உண்டு. ஒவ்வொரு வருடமும் கம்பெனி காலண்டரில் அதை எடுப்பவர் மாரிக்கண்ணன்தான்.

அதிகாரி படத்தின் முன் நின்றார். குனிந்தார். அண்ணாச்சியின் கண் ஏப்ரன்களில் போய் நின்றது. தன் கம்பெனிப் பெயரை அவ்வளவு பெரிய எழுத்தில் பார்த்து அவர் சந்தோஷப்படாத ஒரே நாள் அது. கூட்டத்தில் நின்ற அழகுமீனா காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார்.

"அருமை," என்றார் அதிகாரி. "மூக்கைப் பாருங்க, என்ன அழகு! இது எங்க எடுத்தது?"

"ஆனைக்குட்டம் பக்கம், சார்," என்றார் மாரிக்கண்ணன். 

"இங்க வெள்ளையா இருக்கே, பாறையா?"

"கால், சார்."

"ஓ. யாரோ குறுக்க வந்துட்டாங்க போல. கொஞ்சம் வெட்டியிருக்கலாம்." பிறகு அண்ணாச்சியிடம் திரும்பினார். "அபூர்வமான உயிர், சார். அந்த இடத்துல ஆள் நடமாட்டமே கூடாது. ஒரு வேலி போட்டு, போர்டு வைக்கணும்."

அண்ணாச்சிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "என் செலவுல போட்டுருதேன், சார். நாளைக்கே."

சொன்ன சொல் காப்பாற்றினார். ஓடைக்கரைக் கருவேலங்காட்டைச் சுற்றி முள்கம்பி வேலி. பச்சை போர்டு. "முள்ளெலி வாழும் இடம். உள்ளே செல்லாதீர். உபயம்: பொன்னுத்தங்கம்." மாரிக்கண்ணனும் குழு சொன்னபடி கேமராவை நகர்த்தி, போர்டுக்கு எதிரே வேலிக்கல்லில் கட்டினார்.

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது மறுபடி ஜீப் கிளம்பியது. கோட்டைச்சாமி இரண்டு முறை கைதட்டினார். "கூடுதல் ஆளெல்லாம் எந்திரி! காட்டுக்குப் போங்க! தூக்குவாளிய மறந்துராதீக!"

முப்பத்தொரு பேரும் ஓடினார்கள். வேலியில் போய் முட்டி நின்றார்கள். வேலிக்குள்ளே காடு, இருபுறமும் வெட்டவெளி. பின்னால் கம்பெனி.

"எலிக்கு வீடு கெடச்சிருச்சு. நம்ம எங்கன போக?" என்றார் பாண்டிச்செல்வி. அதற்குள் ஜீப் வந்துவிட்டது. அதிகாரிக்கு முதலில் போர்டைப் பார்க்க ஆசை. நேராக அங்கேதான் வந்தார். பின்னால் அண்ணாச்சி, செருப்பு மாறிப் போட்டுக்கொண்டு.

"அடடே, இவ்வளவு பேர்! முள்ளெலி பார்க்க வந்தீங்களா?"

"ஆமா சார், விழிப்புணர்வு," என்றார் அண்ணாச்சி, மூச்சு வாங்க.

அழகுமீனாவுக்குக் கண்காட்சியில் இழுத்துக்கொண்ட கால் ஞாபகம் வந்தது. "இல்ல சார். ஒளிய வந்தோம். வேலி போட்டுட்டாக, எடம் இல்ல."

 அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். "நல்லாப் பேசுறாங்க சார் உங்க ஆளுங்க," என்றார். போர்டைத் தட்டிப் பார்த்தார். தேநீர் குடிக்கப் போனார்.

ஜீப் போன பிறகு, வீணான இரண்டு மணி நேரத்தைப் பிடிக்கச் சொல்லி கோட்டைச்சாமி தலைமேல் நின்றார். மருந்தை அவசரமாக அடைக்கக் கூடாது என்பது அந்த வட்டாரத்தில் குழந்தைக்கும் தெரியும். சரவெடி மாதிரி எதுவும் வெடிக்கவில்லை. ஒரு பொறி, ஒரு புஸ்ஸென்ற சத்தம், பாண்டிச்செல்வியின் வலது முன்கையில் தோல் வழன்று வந்துவிட்டது. மருந்துக் கிண்ணம் ஒரு முழம் தள்ளி இருந்ததால் ஒன்பது பேரும் வீட்டுக்கு வந்தார்கள். ஆஸ்பத்திரியில் வடைச் சட்டி எண்ணெய் கொட்டிவிட்டது என்று சொல்லும்படி கம்பெனியில் சொல்லி அனுப்பினார்கள். அவரும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை கார்டு வந்தது. முள்ளெலி இல்லை. போர்டு, வேலி, முப்பத்தொரு பெண்கள், தூக்குவாளி, அதிகாரியின் சிரிப்பு, அண்ணாச்சியின் மாறிப்போன செருப்பு, தேதி, நேரம். மாரிக்கண்ணன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கம்போல ஈர மூக்கைத் தேடவில்லை. ஆட்களை எண்ணினார். பிறகு ஜூலையில் கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டார்.

"உன் ரூம்புல எத்தன பேரு, அழகு?"

"மூணு வருசமா எலிய எண்ணுனீக. இப்பத்தான் எங்கள எண்ணத் தோணுச்சாக்கும்?" என்றார் அழகுமீனா. நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார். கட்டுப்போட்ட கையோடு பாண்டிச்செல்வியும் வந்திருந்தார். "முள்ளெலிக்கு நிரப்புனீகளே, அந்தப் பாரத்த எடுங்க," என்றார் அழகுமீனா.

வட்டத்தின் பதிவுப் படிவம் திரையில் வந்தது. இனம்: பொம்பளை. எண்ணிக்கை: முப்பத்தொன்று. நேரம்: 10:20. வாழிடம்: நாலு பேர் அறை, ஒன்பது பேராக.

"வாழிடத்துக்கு இடையூறுன்னு ஒரு கட்டம் இருக்கு," என்றார் மாரிக்கண்ணன்.

"அண்ணாச்சியும் ஜீப்பும்னு போடுங்க."

"வேல போயிரும், புள்ள."

"போகட்டும்ணே," என்றார் பாண்டிச்செல்வி. "கை போனா எவனும் வேலைக்குச் சேக்க மாட்டான். அதுக்கு இது தேவல."

அழகுமீனாவே பட்டனை அழுத்தினார். நகக்கண்ணில் வெள்ளி மின்னியது.

மூன்றாம் நாள் தருண்குமார் பதில் எழுதினார். மரியாதையான பதில். "தங்கள் ஆர்வத்துக்கு நன்றி. எங்கள் கணக்கெடுப்பு ஐந்து கிலோவுக்கு உட்பட்ட பாலூட்டிகளுக்கு மட்டுமே என்பதைக் கனிவுடன் நினைவூட்டுகிறோம்."

அழகுமீனா அதையும் எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"அஞ்சு கிலோவுக்கு மேல உள்ளவுகளுக்கு ஆபீசு எங்கன இருக்கு? மெட்ராசா, டெல்லியா?"

"ரெண்டு எடத்துலயும் இருக்கும்."

"ரெண்டுக்கும் அனுப்புங்க. கோர்ட்டுக்கும் ஒண்ணு. வெட்டாம அனுப்புங்க."

மாரிக்கண்ணன் படத்தை மறுபடி திறந்தார். இருபத்திரண்டு வருடப் பழக்கம், கை தானாக அண்ணாச்சியின் இடது கன்னத்துக்குப் போனது. மனைவி பார்ப்பதைப் பார்த்ததும் நின்றது. மருவை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, ஒவ்வொரு முகவரியாக அடிக்க ஆரம்பித்தார்.